16 நிமிடப் படத்துக்காக உச்ச நீதிமன்றம் சென்ற இயக்குநர்: கே.ஏ. அப்பாஸின் வாழ்க்கைப் பயணம்

மும்பை: 16 நிமிடமே ஓடும் கறுப்பு வெள்ளை ஆவணப்படம் அது. வசனம் கிடையாது. வேலை செய்துகொண்டே தொழிலாளர்கள் பாடும் ஒரு பாட்டும், பின்னணி இசையும், சில ஓசைகளும் மட்டுமே காதில் விழும். அந்தப் படத்தில், ஒரு நிமிடத்தை எட்டுவதே அரிதான ஒரு காட்சியையும் அதையொட்டிய பகுதிகளையும் நீக்கினால்தான் அனைவரும் பார்ப்பதற்கான சான்றிதழ் கிடைக்கும் என்று அரசு கூறியது. இயக்குநர் இணங்கவில்லை. அந்த மறுப்பு, திரைப்படத் தணிக்கை என்பதே அரசியல் சாசனத்துக்கு உட்பட்டதுதானா என்ற வினாவாக வளர்ந்து, உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் கொண்ட அமர்வின் முன் நின்றது.

மனுதாரரின் பெயர் குவாஜா அகமது அப்பாஸ். 'ஆவாரா', 'ஸ்ரீ 420', 'பாபி' ஆகிய படங்களின் எழுத்தில் பெரும்பங்கு கொண்டவர். அமிதாப் பச்சனைத் திரைக்கு அறிமுகப்படுத்தியவர். பத்திரிகையாளர், நாவலாசிரியர், இடதுசாரிக் கலை இயக்கத்தின் முன்னோடி. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே அரசு இறங்கி வந்து, ஒரு காட்சியையும் வெட்டாமல் சான்றிதழ் தருவதாக ஒப்புக்கொண்டது. வேறொருவராக இருந்திருந்தால் அந்த இடத்தில் மனுவைத் திரும்பப் பெற்றிருப்பார். அப்பாஸ் அதைச் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்பதை அவரது வாழ்க்கையை அறிந்தால் எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

பானிபட் முதல் பம்பாய் வரை

இன்றைய ஹரியானா மாநிலத்தில் உள்ள பானிபட்டில் 1914ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் தேதி அப்பாஸ் பிறந்தார். உருதுக் கவிஞர் அல்தாஃப் உசேன் ஹாலியின் வழியில் வந்த குடும்பம் அது. மிர்சா காலிப்பின் மாணவரான ஹாலி, உருதுக் கவிதையைச் சமூகச் சீர்திருத்தத்தின் பக்கம் திருப்பியவர், பெண்கல்விக்காக எழுதியவர். எழுத்து என்பது சமூகத்துக்குப் பயன்பட வேண்டும் என்ற எண்ணம் அந்த வீட்டில் பிறந்த பிள்ளைக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதாக இருந்திருக்காது.

அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் 1933இல் இளங்கலைப் பட்டமும், 1935இல் சட்டப் பட்டமும் பெற்றார். மாணவப் பருவத்திலேயே பல்கலைக்கழகத்தில் செய்தி இதழ் ஒன்றை நடத்திய அவருக்கு, வழக்கறிஞர் தொழிலில் நாட்டம் ஏற்படவில்லை. சட்டம் படித்து முடித்த அதே ஆண்டு பம்பாய் சென்று 'பாம்பே கிரானிக்கிள்' நாளிதழில் சேர்ந்தார். பெரோஸ்ஷா மேத்தா 1913இல் தொடங்கிய அந்த நாளிதழ், விடுதலை இயக்கத்தின் குரலாக விளங்கிய ஏடுகளில் ஒன்று. அரசியலையும் சினிமாவையும் ஒருங்கே எழுதும் வாய்ப்பு அப்பாஸுக்கு அங்கே கிடைத்தது.

1938இல் உலகப் பயணம் புறப்பட்டார். இரண்டாம் உலகப் போர் மூளுவதற்கு முந்தைய அந்த நாள்களில் தாம் கண்டவற்றை அடுத்த ஆண்டே நூலாகவும் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 25.

அவரது புகழுக்கு முதல் அடித்தளம் 'கடைசிப் பக்கம்' என்ற வாரப் பத்தி. பாம்பே கிரானிக்கிளில் தொடங்கிய அந்தப் பத்தி, 1947இல் ஆர்.கே. கரஞ்சியாவின் 'பிளிட்ஸ்' வார இதழுக்கு இடம்பெயர்ந்தது. அப்பாஸ் இறக்கும்வரை அது நிற்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே மனிதர் எழுதிய அரசியல் பத்தி என்பது இந்திய இதழியலில் மிக அரிது. 'ஆசாத் கலம்' என்ற பெயரில் அது உருதுவிலும் வந்தது. சுதந்திரமான பேனா என்பது அதன் பொருள். படப்பிடிப்பில் இருந்தாலும், வெளிநாட்டில் இருந்தாலும் அந்தப் பக்கம் உரிய நாளில் அச்சுக்குச் சென்றுவிடும் என்பதே அவரைப் பற்றிய பொதுவான நினைவு. சினிமாவில் எத்தனை உயரம் தொட்டாலும், தம்மை முதலில் பத்திரிகையாளராகவே கருதினார்.

பஞ்சத்தைப் படமாக்கியவர்

படங்களை விமர்சித்து எழுதியவர், படத்துக்கே எழுதத் தொடங்கியது 1941இல். பாம்பே டாக்கீஸ் தயாரித்த 'நயா சன்சார்' படத்தின் கதை அப்பாஸுடையது. புதிய உலகம் என்று பொருள்படும் அந்தப் படம் ஒரு பத்திரிகை அலுவலகத்தைக் களமாகக் கொண்டது. அசோக் குமார் கதாநாயகன். பின்னாளில் தம் தயாரிப்பு நிறுவனத்துக்கும் அப்பாஸ் அதே பெயரைச் சூட்டினார்.

1943இல் வங்காளத்தைப் பெரும்பஞ்சம் தாக்கியது. 20 முதல் 30 லட்சம் பேர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. பஞ்சத்துக்குக் காரணம் விளைச்சல் குறைவு மட்டுமல்ல; போர்க்கால அரசின் கொள்கைகளும், பதுக்கலும், விலையேற்றமும் சேர்ந்து கிராமங்களைக் காலி செய்தன. நிலத்தை இழந்த குடும்பங்கள் சோற்றுக் கஞ்சிக்காகக் கல்கத்தாத் தெருக்களில் கையேந்தின. அதே ஆண்டு பம்பாயில் 'இப்டா' எனப்படும் இந்திய மக்கள் நாடக மன்றம் உருவானது. அதை உருவாக்கியவர்களில் அப்பாஸும் ஒருவர். எழுத்தாளர்கள், நடிகர்கள், இசைக் கலைஞர்கள் பலர் ஊர் ஊராகச் சென்று நாடகமாடினர். பஞ்ச நிவாரணத்துக்கு நிதி திரட்டினர்.

அந்த மன்றமே தயாரித்த படம்தான் 'தர்தி கே லால்'. 1946இல் வெளியான அது, அப்பாஸ் இயக்கிய முதல் படம். பிஜோன் பட்டாச்சார்யாவின் வங்க நாடகங்களையும், கிருஷன் சந்தரின் 'அன்னதாதா' கதையையும் அடிப்படையாகக் கொண்டு திரைக்கதை அமைந்தது. பல்ராஜ் சாஹ்னி, சோம்பு மித்ரா, திருப்தி மித்ரா போன்ற நாடகக் கலைஞர்கள் நடித்தனர். இசையமைத்தவர், அப்போது இளைஞராக இருந்த சிதார் கலைஞர் ரவி சங்கர். ஒரு விவசாயக் குடும்பம் நிலத்தை இழந்து நகரத்துக்கு நடந்து, சிதறி, எஞ்சியோர் ஊர் திரும்பிக் கூட்டுப் பண்ணையில் உழைக்கத் தொடங்குவது கதை. நட்சத்திரங்களும் அரண்மனை அரங்குகளும் கோலோச்சிய காலத்தில், பசியால் ஒடுங்கிய முகங்களைத் திரையில் கொண்டு வந்த படம் அது. பின்னாளில் சோவியத் ஒன்றியத்தில் விநியோகமான முதல் இந்தியப் படங்களுள் ஒன்றாகவும் அது இடம்பெற்றது.

அந்த ஒரே ஆண்டில் அப்பாஸின் பெயர் மேலும் இரு முக்கியப் படங்களில் இடம்பெற்றது. சேத்தன் ஆனந்த் இயக்கிய 'நீச்சா நகர்' படத்தின் எழுத்தில் அவர் பங்கேற்றார். முதலாவது கான் திரைப்பட விழாவில் உயரிய பரிசைப் பகிர்ந்துகொண்ட படங்களில் அதுவும் ஒன்று. மற்றொன்று, வி. சாந்தாராம் இயக்கி நடித்த 'டாக்டர் கோட்னிஸ் கி அமர் கஹானி'. ஜப்பானியப் படையெடுப்பை எதிர்த்துப் போரிட்ட சீனாவுக்கு 1938இல் இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்ட 5 மருத்துவர்களில், அங்கேயே உயிர்நீத்த சோலாப்பூர் மருத்துவர் துவாரகநாத் கோட்னிஸின் வரலாறு அது. அப்பாஸ் எழுதிய நூலே படத்துக்கு மூலம்.

1947இன் பிரிவினை, அப்பாஸின் சொந்த ஊரையும் விட்டுவைக்கவில்லை. பானிபட்டின் முஸ்லிம் குடும்பங்களில் பெரும்பாலானவை எல்லையைக் கடந்து சென்றன. அப்பாஸ் இந்தியாவிலேயே நின்றார். கலவரத்தில் முஸ்லிம் அண்டை வீட்டாரைக் காக்கும் சீக்கியர் ஒருவரைப் பற்றி அவர் எழுதிய 'சர்தார்ஜி' என்ற சிறுகதை, அதன் தொடக்கப் பகுதியில் உள்ள கேலிக்காகக் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. வெறுப்பை உமிழும் ஒருவன் மனம் மாறுவதே கதை என்பதை எல்லோரும் பொறுமையாகப் படித்து அறியும் சூழல் அன்று இல்லை. எழுத்துக்காகக் கேள்வி கேட்கப்படுவது அவருக்கு அப்போதே பழகிவிட்டது.

ராஜ் கபூருக்குக் கிடைத்த கதை

நீதிபதி ஒருவர், திருடனின் மகன் திருடனாகத்தான் வளர்வான் என்று நம்புகிறார். அவருடைய சொந்த மகனே சேரியில் வளர்ந்து, குற்றவாளியாகி, அவர் முன் கூண்டில் நிற்கிறான். பிறப்பா, வளரும் சூழலா என்ற வினாவை இதைவிட எளிமையாகக் கதையாக்க முடியாது. நண்பர் வி.பி. சாத்தேயுடன் இணைந்து அப்பாஸ் எழுதிய 'ஆவாரா'வின் கரு இதுதான். இயக்குநர் மெஹபூப் கானிடம் முதலில் இந்தக் கதை சென்றது. தந்தையும் மகனுமாக, நிஜ வாழ்விலும் தந்தை மகனான பிருத்விராஜ் கபூரும் ராஜ் கபூருமே நடிக்க வேண்டும் என்பதில் அப்பாஸ் உறுதியாக இருந்தார். மெஹபூபுக்கு அதில் உடன்பாடில்லை. கதை ராஜ் கபூரின் கைக்கு வந்தது.

1951இல் வெளியான 'ஆவாரா' இந்தியாவில் மட்டுமல்லாமல் சோவியத் ஒன்றியம், சீனா, மேற்கு ஆசிய நாடுகள் என எங்கும் கொண்டாடப்பட்டது. அடுத்து 1955இல் 'ஸ்ரீ 420'. மோசடிக் குற்றத்துக்கான இந்திய தண்டனைச் சட்டப் பிரிவின் எண்ணையே தலைப்பில் வைத்த படம். பட்டம் பெற்று வேலை தேடி பம்பாய் வரும் இளைஞன், நடைபாதை மக்களோடு வாழ்ந்து, பின்னர் மோசடிக்காரர்களின் வலையில் சிக்குகிறான். 100 ரூபாய்க்கு வீடு என்று ஏழைகளிடம் ஆசைகாட்டும் அந்தத் திட்டத்தை இன்றைய செய்தித்தாள் வாசகர்களும் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

1970இல் 'மேரா நாம் ஜோக்கர்' பெரும் தோல்வியைத் தழுவி ராஜ் கபூரைக் கடனில் ஆழ்த்தியபோது, அந்தப் படத்தின் எழுத்தாளரான அப்பாஸ்தான் அடுத்த கதையையும் தந்தார். ரிஷி கபூரும் டிம்பிள் கபாடியாவும் நடித்து 1973இல் வெளியான 'பாபி', ஆர்.கே. நிறுவனத்தைக் கரைசேர்த்தது. பணக்கார வீட்டுப் பையனும் ஏழை மீனவர் மகளும் காதலிக்கும் கதை என்றாலும், வர்க்கம் பற்றிய அப்பாஸின் பழைய கேள்வி அதன் அடியிலும் ஓடுகிறது.

கையைச் சுட்ட சொந்தப் படங்கள்

பிறருக்கு எழுதிய படங்கள் வசூலைக் குவித்தன. சொந்தமாக எடுத்த படங்களில் பெரும்பாலானவை கையைச் சுட்டன. எழுதிச் சம்பாதித்ததைப் படமெடுத்துச் செலவழித்தார் என்று சொன்னால் அது மிகையாகாது. 1951இல் தொடங்கிய 'நயா சன்சார்' நிறுவனத்தின் படப் பட்டியலைப் பார்த்தால், சந்தைக்கு ஏற்ற பொருளைத் தேடியவர் அவர் அல்ல என்பது தெரியும்.

'ராஹி' (1953) தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கதை. முல்க் ராஜ் ஆனந்தின் ஆங்கில நாவலிலிருந்து எடுத்தது. தேவ் ஆனந்த், நளினி ஜய்வந்த், பல்ராஜ் சாஹ்னி நடித்தனர். 'முன்னா' (1954) பம்பாய்த் தெருக்களில் அலையும் ஆதரவற்ற சிறுவனைப் பற்றியது. அதில் பாடலே இல்லை. பாடலுக்காகவே படம் பார்க்கப்பட்ட காலத்தில் அது துணிச்சல் மட்டுமல்ல, வணிக நோக்கில் தற்கொலைக்கு ஒப்பானதும்கூட. 'சார் தில் சார் ராஹேன்' (1959) படத்தில் ராஜ் கபூரும் மீனா குமாரியும் சாதி வேலியைத் தாண்ட முயலும் காதலர்களாக வந்தனர். 1962இல் வந்த 'கியாரா ஹஸார் லட்கியான்', பம்பாயில் வேலைக்குச் செல்லும் பெண்களைப் பற்றியது.

இவற்றுக்கு இடையே 'பர்தேசி' என்ற பெரும் முயற்சியும் நடந்தது. 15ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த ரஷ்ய வணிகர் அஃபனாசி நிகிதினின் பயணத்தை, சோவியத் இயக்குநர் வசீலி புரோனினுடன் சேர்ந்து அப்பாஸ் படமாக்கினார். இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் இணைந்து தயாரித்த முதல் படமான அது, இந்தியிலும் ரஷ்ய மொழியிலும் வெளியானது. நர்கிஸ், பல்ராஜ் சாஹ்னி ஆகியோருடன் தமிழ்த் திரையுலகின் நாட்டியப் பேரொளி பத்மினியும் அதில் நடித்திருந்தார். 1958இல் கான் விழாவின் போட்டிப் பிரிவில் அது இடம்பெற்றது. சோவியத் நாட்டோடு அப்பாஸுக்கு இருந்த நெருக்கம் அத்துடன் நிற்கவில்லை. குருஷேவைப் பேட்டி கண்டார். விண்வெளிக்குச் சென்ற முதல் மனிதரான யூரி ககாரின் பற்றி 1961இலேயே ஒரு நூல் எழுதினார்.

அப்பாஸின் படங்களில் கருத்து முன்னே நடக்கும், கதைமாந்தர் சற்றுப் பின்னே வருவார்கள் என்ற குறை அன்றும் சொல்லப்பட்டது. இன்று பார்க்கும்போதும் அதை முற்றாக மறுக்க இயலவில்லை. வாரப் பத்தி எழுதும் கை, திரைக்கதையிலும் அவ்வப்போது தலைகாட்டிவிடும். ஆயினும் 1963இன் 'ஷஹர் அவுர் சப்னா' அந்தக் குறையைப் பெரிதும் கடந்த படம். பம்பாயில் தங்க இடமில்லாத ஓர் இளைஞனும் இளம்பெண்ணும், பயன்படாமல் கிடக்கும் பெரிய வடிகால் குழாய் ஒன்றுக்குள் குடித்தனம் தொடங்குகிறார்கள். நகரத்தைக் கட்டுபவர்களுக்கு நகரத்தில் இடமில்லை என்பதை அந்தக் குழாய் ஒன்றே சொல்லிவிடுகிறது. பெயர்பெற்ற நட்சத்திரம் எவரும் இல்லாத அந்தப் படம், அவ்வாண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதாகிய குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தை வென்றது.

ஏழு இந்தியர்களும் ஒரு புதுமுகமும்

அமிதாப் பச்சன் என்ற உயரமான இளைஞர் 1969இல் அப்பாஸிடம் வாய்ப்புக் கேட்டு வந்தபோது, 'சாத் ஹிந்துஸ்தானி' படத்துக்கான நடிகர் தேர்வு நடந்துகொண்டிருந்தது. படம் முழுமைக்கும் 5,000 ரூபாய்தான் ஊதியம். அவர் கவிஞர் ஹரிவன்ஷ் ராய் பச்சனின் மகன் என்று தெரிந்ததும், தந்தையின் சம்மதம் கிடைக்கும்வரை அப்பாஸ் ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தார். பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் வந்திருக்கக் கூடாதே என்ற அக்கறை அது.

போர்த்துகீசியர் ஆட்சியில் இருந்த கோவாவுக்குள், நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்தவர்கள் ஒன்றுசேர்ந்து நுழைந்து போராடுவது கதை. மகாதேவன் என்ற தமிழரும் அவர்களில் ஒருவர். நடிகர்களுக்கு வேடம் கொடுப்பதில் அப்பாஸ் ஒரு முறையைக் கையாண்டார். எவரும் தம் சொந்த மாநிலத்தவராக நடிக்கக் கூடாது. வங்காளியான உத்பல் தத் பஞ்சாபியானார். கேரளத்தின் மது வங்காளியானார். அலகாபாத் இளைஞர் அமிதாப், பீகாரைச் சேர்ந்த உருதுக் கவிஞரானார். தோற்றத்தையும் பேச்சையும் வைத்து ஒருவரை இன்ன ஊர்க்காரர் என்று முத்திரை குத்தும் வழக்கத்தைப் படத்தின் நடிகர் பட்டியலே பொய்யாக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். தேசிய ஒருமைப்பாட்டுக்கான தேசிய விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தது. ராஜஸ்தான் மக்களின் தண்ணீர்த் தவிப்பைச் சொன்ன 'தோ பூந்த் பானி' (1971) படமும் அதே பிரிவில் விருது பெற்றது. 1969இல் அப்பாஸுக்கு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அதே ஆண்டில்தான் அவர் அரசுக்கு எதிராக உச்ச நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தார்.

நான்கு நகரங்கள், ஒரு கதை

'சார் ஷஹர் ஏக் கஹானி' என்ற அந்த ஆவணப்படத்தை அப்பாஸ் 1968இல் எடுத்தார். கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ், டெல்லி ஆகியவைதான் அந்த நான்கு நகரங்கள். மாளிகைகளும் உயர்தர ஓட்டல்களும் ஒருபுறம். அவற்றைக் கட்டியவர்களின் குடிசைகள் மறுபுறம். இரண்டும் மாறி மாறித் திரையில் வரும். வியர்வை வழிய மூச்சிரைக்க ஒருவர் இழுக்கும் ரிக்‌ஷாவில் பருத்த உடல்வாகு கொண்ட செல்வந்தர் அமர்ந்திருப்பார். மற்றொரு காட்சியில் இடம் மாறியிருக்கும்: ரிக்‌ஷாக்காரர் அமர்ந்திருக்க, செல்வந்தர் இழுப்பார். விடுதலைப் போராட்டத் தலைவர்களின் சிலைகள் உயர்ந்த பீடங்களிலிருந்து இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்.

சிக்கலுக்கு உள்ளானது, பம்பாயின் பாலியல் தொழில் நடக்கும் பகுதியைக் காட்டும் காட்சி. ஓடும் காரிலிருந்து எடுத்ததைப் போன்று ஆடும், மங்கலான படம். வாசலிலும் சன்னலிலும் பெண்கள் நிற்கிறார்கள்; கேமரா இருப்பதை உணர்ந்ததும் சிலர் உள்ளே மறைகிறார்கள். அடுத்து ஒரு பெண் சன்னலைச் சாத்துகிறாள். பின்னர் பெண்ணின் கையில் சில ரூபாய்த் தாள்கள். ஆணின் கை ஒன்று நீண்டு அவற்றில் பெரும்பகுதியைப் பறித்துக்கொள்கிறது. முகங்கள் காட்டப்படுவதில்லை. அந்தப் பெண் தலை வாருகிறாள், கூண்டில் இருக்கும் இரண்டு கிளிகளைப் பார்க்கிறாள், தன் அறையைச் சுற்றிப் பார்க்கிறாள், உறங்குகிறாள். அவ்வளவுதான்.

தணிக்கை வாரியத்தின் ஆய்வுக் குழு 'யு' சான்று மறுத்து, வயது வந்தோர் மட்டும் பார்ப்பதற்கான 'ஏ' சான்று தர முன்வந்தது. மறு ஆய்வுக் குழுவும் அதையே சொன்னது. அப்பாஸ் மத்திய அரசிடம் முறையிட்டார். அரசு ஒரு படி இறங்கி, குறிப்பிட்ட காட்சிகளை வெட்டினால் 'யு' தரலாம் என்றது. இந்தப் படிநிலையை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தணிக்கை செய்வது அரசு அமைத்த வாரியம். அதன் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வேண்டியதும் அதே அரசிடம். முடிவு சொல்லக் காலக்கெடுவும் கிடையாது. மாளிகைக்கும் குடிசைக்கும் இடையே உள்ள தூரத்தைக் காட்டிய படத்தில், எதை மறைக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் முழுவதும் ஒரே தரப்பின் கையில் இருந்தது.

அரசியல் சாசனம் தந்த கருத்துச் சுதந்திரம் மீறப்பட்டது என்று அப்பாஸ் உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டார். விசாரணையின்போது, வெட்டு எதுவுமின்றி 'யு' சான்று தர அரசு முடிவு செய்திருப்பதாக சொலிசிட்டர் ஜெனரல் தெரிவித்தார். மனுதாரரின் குறை அத்துடன் தீர்ந்தது. ஆனால், அப்பாஸ் மனுவைத் திருத்த அனுமதி கோரினார். தம் படத்தைப் பற்றிய வழக்கை, திரைப்படத்துக்கு முன்தணிக்கை என்பதே கூடுமா என்ற வழக்காக மாற்றினார். நீதிமன்றம் அனுமதித்தது.

அவரது தரப்பின் வாதங்கள் நான்கு. பத்திரிகைக்கும் புத்தகத்துக்கும் இல்லாத முன்தணிக்கை சினிமாவுக்கு மட்டும் கூடாது. அப்படியே இருந்தாலும், அதிகாரிகளின் மனம்போன போக்குக்கு இடமில்லாத தெளிவான விதிகள் வேண்டும். முடிவெடுக்கக் காலக்கெடு வேண்டும். மேல்முறையீட்டை அரசு விசாரிக்காமல் நீதிமன்றமோ சுதந்திரமான தீர்ப்பாயமோ விசாரிக்க வேண்டும். பின்னிரண்டையும் அரசே ஏற்றுக்கொண்டு, ஆவன செய்வதாக உறுதியளித்தது. எனவே முதல் இரண்டு மட்டுமே தீர்ப்புக்கு எஞ்சின.

தலைமை நீதிபதி எம். ஹிதாயத்துல்லா தலைமையிலான அமர்வு 1970 செப்டம்பர் 24 அன்று தீர்ப்பளித்தது. முதல் வினாவில் அப்பாஸ் தோற்றார். திரைப்படம் பிற கலைகளைவிட ஆழமாக மனத்தைப் பாதிக்கக்கூடியது, குறிப்பாக இளம் மனங்களை. ஆகவே பொது நலன் கருதிய முன்தணிக்கை அரசியல் சாசனத்துக்கு முரணானதல்ல என்று நீதிமன்றம் கூறியது. அதே தீர்ப்பில் அப்பாஸுக்கு மறைமுகமான வெற்றியும் இருந்தது. பாலியலும் ஆபாசமும் எப்போதும் ஒன்றல்ல என்றும், எதையெல்லாம் தடுக்கலாம் என்று பட்டியலிடும் தணிக்கை விதிகள் கலைமதிப்புள்ளதைக் காப்பதற்கு வழி சொல்லவில்லை என்றும் நீதிபதிகள் சுட்டிக்காட்டினர். கலையையும் சமூக மதிப்பையும் கருத்தில்கொள்ளும் அளவுகோல் தேவை என்றனர்.

தீர்ப்புக்குப் பின்

வழக்கு முடிந்ததும் அப்பாஸ் தம் வேலைக்குத் திரும்பினார். 1977இல் தன்வரலாறு வெளிவந்தது. 1980இல் 'தி நக்சலைட்ஸ்' படத்தை எடுத்தார். மிதுன் சக்ரவர்த்தியும் ஸ்மிதா பாட்டீலும் நடித்தனர். ஆங்கிலம், உருது, இந்தி ஆகிய மொழிகளில் அவர் எழுதிய நூல்கள் 70க்கும் மேல். இடையிடையே நோய் படுத்தியபோதும் கடைசிப் பக்கம் வெளிவந்துகொண்டே இருந்தது. 1987 ஜூன் 1 அன்று, 73ஆவது பிறந்தநாளுக்கு 6 நாள்கள் முன்னதாக, பம்பாயில் காலமானார். அவர் கடைசியாக இயக்கிய 'ஏக் ஆத்மி' அவரது மறைவுக்குப் பின் வெளியானது. ராஜ் கபூரின் கனவுப் படமாக இருந்து, ரந்தீர் கபூர் இயக்கத்தில் 1991இல் வந்த 'ஹென்னா'வின் கதையிலும் அவர் பெயர் உண்டு.

வழக்கில் அரசு தந்த உறுதிமொழி நிறைவேற 10 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. சட்டத் திருத்தத்தின் வழியே திரைப்படச் சான்றிதழ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 1983இல் செயல்படத் தொடங்கியது. தணிக்கை வாரியத்தின் முடிவால் பாதிக்கப்பட்டவர், அதே அரசின் கதவைத் தட்ட வேண்டிய நிலை அதன்பின் மாறியது.

அப்பாஸ் வழக்கின் தீர்ப்பை, பின்னர் வந்த முக்கியமான தணிக்கை வழக்குகள் அனைத்தும் எடுத்தாண்டன. அவற்றில் ஒன்று தமிழகத்தில் இருந்து சென்றது. இடஒதுக்கீடு குறித்த கருத்துகளுக்காக எதிர்ப்பைச் சந்தித்த 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தயாரிப்பாளர் ரங்கராஜன் உச்ச நீதிமன்றம் சென்றார். 1989ஆம் ஆண்டுத் தீர்ப்பில், அப்பாஸ் வழக்கை விரிவாகப் பரிசீலித்த நீதிபதிகள், வன்முறை மிரட்டலைக் காரணம் காட்டிக் கருத்துச் சுதந்திரத்தை முடக்க முடியாது என்று கூறிப் படத்துக்குச் சான்றிதழை மீட்டுத் தந்தனர். 1996இல் 'பாண்டிட் குயின்' வழக்கிலும் அப்பாஸின் பெயர் மீண்டும் ஒலித்தது.

மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஏப்ரலில் கலைக்கப்பட்டது. தணிக்கை வாரியத்தின் முடிவை ஏற்காத இயக்குநர்கள் தற்போது நேரடியாக உயர் நீதிமன்றத்தையே நாட வேண்டியுள்ளது.